மஸ்தான் பாய் எந்த வரிசை?

1

பத்திரிகை ஆசிரியர் எனக்குக் கடிதம் போட்டிருந்தார். பாரிசுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறதே, அந்தக் கோபுரத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்பு, நம் வாசகர்கள் ஆவலாக இருக்கிறார்கள் என்று. கோபுரம் இருக்கிறது. இரும்பால் செய்தது. நல்ல உயரம். கோபுரம் முடிந்தது, இனி நான் எழுத நினைத்ததை எழுதுகிறேன்.

நான் எழுத நினைத்தது ஒரு படிவத்தைப் பற்றி. இங்கே சமூகக் காப்பு அலுவலகம் என்று ஒன்று உண்டு. நமக்குக் காய்ச்சல் வந்தால் வைத்தியத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் காய்ச்சல் வருவதற்கு முன்பே நாம் யார் என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகப் படிவத்தில் மூன்று கட்டங்கள். மாணவர், தொழிலாளி, சொந்தத் தொழில் செய்பவர். ஒன்றில் மட்டும் பெருக்கல் குறி போட வேண்டும்.

என் நிலைமை இது: காலையில் பல்கலைக்கழகத்தில் அரசியல் பொருளாதாரம் படிக்கிறேன். மதியத்துக்குமேல் ஒரு தையல் பட்டறையில் கால்சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறேன். உழைப்பின் மதிப்பு எப்படி உண்டாகிறது என்று பன்னிரண்டு மணி வரை குறிப்பெடுத்துவிட்டு, இரண்டு மணிக்கு அதை உண்டாக்கப் போகிறேன். ஆகவே இரண்டு கட்டங்களில் குறி போட்டேன். படிவம் திரும்பி வந்தது. அடுத்த தடவை ஒன்றிலும் போடாமல், ஓரத்தில் ஒரு விளக்கம் எழுதினேன். ஓரம் போதாமல் தனித்தாளில் ஒன்றரைப் பக்கம், அடிக்குறிப்புகளோடு. ஐந்தாம் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் மதாம் அதை முழுக்கப் படித்தார். படித்துவிட்டு, நீங்கள் பிரெஞ்சுக்காரரா என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கும் ஒரு வார்த்தையில் பதில் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. எங்கள் புதுச்சேரியை நீங்கள் ஐம்பத்துநாலில் இந்தியாவிடம் கொடுத்துவிட்டீர்கள், ஆனால் காகிதத்தில் இன்னும் கொடுத்து முடிக்கவில்லை, ஆகவே கொடி இந்தியாவுடையது, காகிதத்தில் நான் உங்களுடையவன் என்று சொன்னேன். மதாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கேட்டது எளிய கேள்வி என்றார். புதிய படிவம் ஒன்றைக் கொடுத்து, வியாழக்கிழமைக்குள் ஒரே ஒரு குறியோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

இன்று மே முதல் தேதி. அலுவலகம் மூடல், பட்டறை மூடல். இந்த ஊரில் இப்போதெல்லாம் மே தினத்தில் தெருவில் ஊர்வலம் போக அனுமதி இல்லை. வெள்ளை மணி மணியாக ஒரு பூ விற்கிறார்கள், அதை வாங்கி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளலாம். எனக்கு அறையை வாடகைக்கு விட்டிருக்கும் கிழவி ஒரு கொத்து கொடுத்தார். அதை டம்ளரில் வைத்துவிட்டு, பக்கத்தில் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த மூன்று கட்டங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு மஸ்தான் பாயின் முகம்தான் ஞாபகம் வருகிறது. அவரை இப்படித்தான் நாங்கள் நாலு வாரம் ஒரு கட்டத்துக்குள் அடைக்கப் பார்த்தோம்.

2

முத்தியால்பேட்டைக்காரர்களுக்கு மஸ்தான் பாயின் தையல் கடை தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வாசலின் அகலம்தான் கடையின் அகலம். ஒரு கைமிஷின், ஒரு பெஞ்சு, பின்னால் ஒரு துணித்திரை. திரைக்கு அந்தப்பக்கம் வீடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் பெஞ்சில்தான் எங்கள் சமூகவியல் விவாதக் கழகம் கூடும். பெஞ்சில் மூன்று பேர் உட்காரலாம். நாங்கள் நாலு பேர். நான் செயலாளர் ஆகையால் துணிமூட்டைமேல்.

தலைவர் முசியே லூர்துசாமி. பிரெஞ்சுப் பள்ளியில் சரித்திர ஆசிரியர். பாரிசிலிருந்து கப்பலில் வரும் இடதுசாரிப் பத்திரிகைகளை ஒன்றரை மாதம் கழித்துப் படித்துவிட்டு, அன்று காலை நடந்ததுபோலக் கோபப்படுவார். முதலாவதாக என்று சொல்லும்போது கட்டைவிரலை நீட்டுவார். ஐந்தாவதாக என்பதற்குள் உள்ளங்கை முழுசாக நம் முகத்துக்கு நேரே வந்துவிடும்.

எதிர்க்கட்சி இராமலிங்கம். சிதம்பரத்தில் பொருளாதாரம் படித்து வந்தவர், ஆங்கிலப் புத்தகங்களின் ஆள். எதைச் சொன்னாலும் அதற்கு வரையறை என்ன என்று கேட்பார். மழை வருகிறது, உள்ளே வாருங்கள் என்றால்கூட ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் வருவார். இரண்டு பேரும் இடதுசாரிகள். ஒருவர் பிரெஞ்சு வழியாக இடதுபக்கம் வந்து சேர்ந்தவர், மற்றவர் ஆங்கிலம் வழியாக. அந்த இரண்டு பாதைகளும் சந்திக்கிற இடம் மஸ்தான் பாயின் பெஞ்சு.

மூன்றாவது தணிகாசலம் அண்ணன். மில்லில் நூற்புப் பிரிவு. கழகத்தில் உண்மையான தொழிலாளி அவர் ஒருவர்தான், அதில் எங்களுக்கு ரொம்பப் பெருமை. பிற கழகங்களில் தொழிலாளியைப் பற்றிப் பேசுவார்கள், எங்களிடம் ஒருவர் இருந்தார். ஒரே குறை, ஷிப்டு முடித்து நேராக வருவதால் சுவரில் சாய்ந்ததும் தூங்கிவிடுவார். நான் எழுதிய நடவடிக்கைக் குறிப்பில் வாராவாரம் இந்த வரி இருக்கும்: தொழிலாளர் தரப்பு, மௌனம்.

நான் கலியபெருமாள், வயது அப்போது பத்தொன்பது. இரண்டு பக்கமும் சொல்வது சரி என்று எனக்குத் தோன்றும். பிறகு இரண்டும் தப்பு என்று தோன்றும். இதைவிட ஆனந்தமான ஒரு நிலை வாழ்க்கையில் இருக்க முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

3

கொடி மாறி மூன்றாம் வருஷம். மே தின ஊர்வலத்தை முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து உப்பளம் திடல் வரைக்கும் நடத்துவதாக மில் சங்கத்தில் முடிவு செய்தார்கள். படித்தவர்கள் ஆயிற்றே என்று எங்கள் கழகத்திடம் இரண்டு பொறுப்புகளைக் கொடுத்தார்கள். ஒன்று, யார் யார் எந்த வரிசையில் நடப்பது என்று பட்டியல் போடுவது. இன்னொன்று, பெரிய பதாகையில் என்ன வாசகம் என்று சொல்வது. சிவப்புத் துணியில் வெள்ளைத் துணியால் எழுத்து வெட்டித் தைப்பது வழக்கம்போல மஸ்தான் பாய்.

சங்கத்துக்காரர்கள் கேட்டது இரண்டே வார்த்தை: மக்கள் ஒன்றுபடுக. இராமலிங்கம், எந்த மக்கள், மக்களில் முதலாளியும் உண்டே என்றார். உழைக்கும் மக்கள் என்று ஆயிற்று. முசியே லூர்துசாமி, அப்படியானால் ஆசிரியன் உழைக்கவில்லையா என்று கட்டைவிரலை நீட்டினார். கடைசியில் வாசகம் இப்படி வந்து நின்றது: கையாலும் மூளையாலும் உழைக்கும் மக்கள் ஒன்றுபடுக. இன்னும் பத்து முழம் துணி வேண்டும் என்று மட்டும் பாய் சொன்னார்.

அடுத்த ஞாயிறு நான் வரிசைப் பட்டியலை வாசித்தேன். முதல் வரிசை மில் தொழிலாளர். இரண்டு, துறைமுகத்தில் மூட்டை தூக்குவோர். மூன்று, மீனவர். நாலு, நெசவாளர். ஐந்து, ஆசிரியரும் அறிஞரும். ஐந்து என்று சொல்லும்போது எங்கள் மூன்று பேருக்கும் லேசாக வெட்கம் வந்தது. ஆறு, நேச சக்திகள்: கடைக்காரர், சிறு உடைமையாளர், முதலியோர்.

மிஷின் சத்தம் நின்றது.

"ஆறாவதுல நானா தம்பி?"

"ஆமா பாய்."

"கூட யாரு?"

சோடாக் கடைக்காரர், அப்புறம் முதலியோர் என்றேன். முதலியோர் என்றால் யார் என்று கேட்டார். இதுவரைக்கும் யாரும் இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

பாய் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றும் குரல் உயரவில்லை.

"முன்னாடி நிறுத்துன்னு கேக்கல. தொழிலாளிங்களோட நடக்கணும். ஓரத்துல, மூலையில, எங்க வேணா. வருஷா வருஷம் கொடி தச்சுக் குடுத்துட்டு இந்த வாசல்ல நின்னு வேடிக்கை பாக்கறேன். இந்த வருஷம் நடக்கறேன். அந்த வரிசையில போட்டா தைக்கிறேன். இல்லன்னா துணி இங்க இருக்கு, நீங்களே தச்சுக்குங்க."

சொல்லிவிட்டு மிஷினை அதன் மர மூடியால் மூடினார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதரின் முகம் வாடியதை நான் பார்த்தேன். ஆனால் எங்கள் மூன்று பேர் மனசிலும் எழுந்தது மகிழ்ச்சி. புத்தகத்திலேயே படித்துக்கொண்டிருந்த கேள்வி உயிரோடு வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறது. தையற்காரன் எந்த வர்க்கம்? இராமலிங்கம் நோட்டுப் புத்தகத்தில் புதுப் பக்கம் திருப்பினார்.

4

இங்கே ஒன்றைக் குறுக்கே சொல்ல வேண்டும். பாரிசில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சாப்பிடப் போகும் வீடு சவரிமுத்து என்பவருடையது. நம் ஊர்க்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய மனைவி மீன்குழம்பு வைப்பார். புளி கிடைக்காதபோது எலுமிச்சை பிழிந்துவிட்டு என் முகத்தையே பார்ப்பார், நான் கண்டுபிடித்துவிட்டேனா என்று. அவர்கள் மகளுக்கு ஒன்பது வயசு. போன வாரம் அவளிடம் முத்தியால்பேட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அங்கே போக எந்த மெட்ரோ நிலையத்தில் இறங்க வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டாள். சவரிமுத்து சிரித்தார். சிரித்து முடித்ததும் எழுந்து போய், சுவரில் நேராகவே தொங்கிக்கொண்டிருந்த படத்தை நேராக்கினார். நான் குழம்பை இன்னொரு தடவை ஊற்றிக்கொண்டேன்.

எனக்கும் இரண்டு ஊரும் கலந்துதான் வருகின்றன. முந்தாநாள் காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் வேகத்தில் அவரை பாய் என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் திரும்பிப் பார்க்காமல், இரண்டு உருளைக்கிழங்கு அதிகமாகப் போட்டார். எதனால் என்று இன்னும் தெரியவில்லை.

சரி, பாயிடம் வருகிறேன்.

5

இராமலிங்கத்தின் வாதம் எளிமையானது. தையல் மிஷின் ஒரு உற்பத்திச் சாதனம். அதை வைத்திருப்பவர் உடைமையாளர். ஆகவே ஆறாம் வரிசை. முசியே லூர்துசாமி அதற்கு, அடுத்தவன் உழைப்பில் வாழ்பவனே உடைமையாளன், பாய் யாரையும் வேலைக்கு வைத்திருக்கவில்லை என்றார். அப்படியானால் ஜக்கரியா யார் என்று இராமலிங்கம் கேட்டார்.

ஜக்கரியா, பாயின் மச்சான். பாயின் மனைவி சபுரா அக்காவுக்கு அண்ணன், வயசு ஐம்பது இருக்கும், பாரியான உடம்பு. கடை மூலையில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா, அதாவது பட்டன் ஓட்டை, எடுப்பார். ஒரு காஜாவுக்கும் இன்னொரு காஜாவுக்கும் நடுவில் தெருவைப் பார்ப்பார். அவருடைய உழைப்பில் உபரி மதிப்பு பிறக்கிறது, அதைப் பாய் எடுத்துக்கொள்கிறார் என்பது இராமலிங்கத்தின் கட்சி. மூன்று வேளையும் சாப்பிடுகிறாரே, எடுத்துக்கொள்வது ஜக்கரியாதான், சுரண்டப்படுவது பாய் என்பது முசியேயின் கட்சி. ஒரு வாரம் இதிலேயே போயிற்று. ஜக்கரியா இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வெறும் வாதம் போதாது, விஞ்ஞான முறையில் அளந்து பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தோம். ஜக்கரியா ஒரு நாளைக்கு எத்தனை காஜா எடுக்கிறார் என்று எண்ணும் பொறுப்பு என்னுடையது. காலை முதல் அவர் எதிரில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். அந்த மனிதரை வாழ்நாளில் யாரும் அப்படி உற்றுப் பார்த்ததில்லை. முதலில் கூச்சப்பட்டார். பிறகு தலை வாரிக்கொண்டு வந்தார். மத்தியானத்துக்குள் அவருக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. ஒரு காஜா முடிந்ததும் நிமிர்ந்து, எழுதிட்டியா என்று கண்ணாலேயே கேட்பார். அன்று அவர் எடுத்தது வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. முசியே லூர்துசாமிக்கு முகம் விழுந்துவிட்டது. இராமலிங்கம் எனக்குக் கை கொடுத்தார்.

மறுநாள் முசியே தைக்கக் கொடுத்திருந்த தம்முடைய வெள்ளைச் சட்டையை வாங்க வந்தார். விரித்துப் பார்த்தார். வலதுபக்கம் ஆறு காஜா, இடதுபக்கம் ஆறு காஜா. சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வரிசையாக ஓட்டைகள் வழியே தெரு தெரிந்தது.

"இதுல பட்டன் எங்க வைக்கறது?"

ஜக்கரியா கொஞ்சமும் அசரவில்லை. "நீங்க காஜாவைத்தானே எண்ணச் சொன்னீங்க. பட்டனை யாரும் எண்ணலியே."

சமூக விஞ்ஞானத்தைப் பற்றி அதற்குப் பிறகு பாரிசில் நான் கேட்ட எந்தச் சொற்பொழிவும் இந்த இரண்டு வாக்கியங்களைத் தாண்டவில்லை. அன்றைக்கு அது எங்களுக்குப் புரியவில்லை. ஆய்வு முடிவு செல்லாது என்று குறிப்பில் எழுதிவிட்டு, வாதத்துக்குத் திரும்பினோம்.

வாடிக்கைக்காரர்களுக்குத் திறக்கும் மிஷின், நாங்கள் வந்ததும் மூடிக்கொண்டது. சங்கத்துக்காரர்கள் இரண்டு தடவை வந்து பதாகை எங்கே என்று கேட்டார்கள். பரிசீலனையில் இருக்கிறது என்றேன்.

6

மே தினத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அவசரக் கூட்டம். முசியே, பாய் தொழிலாளி என்று வாக்களித்தார். இராமலிங்கம், இல்லை என்றார். நான் செயலாளர் என்பதால் நடுநிலை. முடிவு தணிகாசலம் அண்ணன் கையில். அவரை எழுப்பினோம்.

"தொழிலாளர் தரப்பு இன்னா சொல்லுது?" என்று இராமலிங்கம் கேட்டார்.

"மணி என்னாச்சி?" என்றார் அவர்.

அப்போது திரை விலகியது. சபுரா அக்கா டீத் தட்டோடு நின்றார். வழக்கமாகத் தட்டை நீட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். அன்று நீட்டவில்லை.

"நாலு வாரமா மிஷின் மிஷின்னு பேசறீங்களே, மிஷின் யாருதுன்னு யாருனா கேட்டீங்களா?"

இராமலிங்கம் திகைத்துப்போய், பாயுடையதுதானே என்றார்.

"என்னுது. எங்க அத்தா எனக்குச் சீராக் குடுத்தது. நிக்கா தப்தர்லயே எழுதியிருக்கு, போய்ப் பாருங்க. இவரு மில்லுல இருந்தவரு. வேலைநிறுத்தத்துல சேந்தாருன்னு வெளிய அனுப்பிட்டாங்க. அன்னிலருந்து என் மிஷின்ல உக்காந்து தைக்கிறாரு."

பாய் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு நூல்கண்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். தணிகாசலம் அண்ணன் முழுசாக விழித்துக்கொண்டார். நான் பார்த்தவரை கழகத்தில் அதுவே முதல் தடவை.

"மில்லுல எங்க பாய்?"

"நூற்பு."

"நூற்பா? எந்தப் பக்கம்?"

"கிணத்துப் பக்கம். மூணாவது வரிசை."

"அங்கதான் பாய் நான் நிக்கறேன்."

பிறகு அவர்கள் இரண்டு பேரும் எங்களை விட்டுவிட்டு, எந்தக் கம்பிக்குப் பக்கத்தில் காற்று வரும், எந்த மேஸ்திரி கொஞ்சம் கண்டுகொள்ளாமல் போவார் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். பாய் கேட்டது ஏதோ ஒரு வரிசையில் ஓர் இடம் இல்லை. அவருடைய பழைய இடத்தைத்தான். நாலு வாரத்தில் ஜக்கரியாவின் காஜாவை எண்ணிய நாங்கள், ஏன் பாய் அங்கே நடக்க ஆசைப்படுகிறீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மஸ்தான் பாய் தொழிலாளி என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பாய் மிஷினின் மூடியை எடுத்தார். அத்தோடு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். முசியே லூர்துசாமி கட்டைவிரலை நீட்டினார். மிஷின் மதாம் சபுராவுடையது, அதில் கூலிக்குத் தைப்பவர் பாய், ஆகவே தர்க்கப்படி மதாம் சபுரா ஒரு முதலாளி என்றார்.

"அப்பிடியா? அப்ப இந்த டீயை யாரு போட்டாங்க, முதலாளியா? அஞ்சு வேளை அடுப்படியில நிக்கறது யாரு? நான் எந்த வரிசை, அதையும் சொல்லிட்டுப் போங்க."

அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று நான் எழுதினேன். ஒத்திவைத்ததே தவிர, மூன்று நாளும் வாசலில் நின்று அதையே பேசிக்கொண்டிருந்தோம். பாய் எழுத்து வெட்டும்போது நடுநடுவே அவரிடமும் கருத்து கேட்டோம். மே தினக் காலை விடிந்தபோது பதாகையில் தைத்து முடிந்திருந்தது ஒரே ஒரு வார்த்தை: கையாலும்.

7

மணிக்கூண்டின் கீழே ஊர்வலம் கூடிவிட்டது. மேளக்காரர்கள் ஒரு சுற்று அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். கடைக்குள் நாங்கள் மூன்று பேரும் இனி செய்ய வேண்டியது என்ன என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். முசியே ஊர்வலத்தைத் தள்ளிப்போடலாம் என்றார். மே முதல் தேதியை எப்படித் தள்ளிப்போடுவது என்று இராமலிங்கம் கேட்டார். சபுரா அக்கா திரையை ஒதுக்கிக்கொண்டு வந்தார்.

"மிஷினுக்குக் கால் இல்லன்னா வண்டிக்கு இருக்குல்ல. ஏத்துங்க. என் மிஷின், நான் சொல்றேன்."

தணிகாசலம் அண்ணன் ஓடிப்போய் ஒரு தள்ளுவண்டி கொண்டுவந்தார். வண்டியின்மேல் ஒரு பலகை, பலகைமேல் மிஷின், மிஷினுக்கு முன்னால் சம்மணம் போட்டு மஸ்தான் பாய். பக்கத்தில் கைப்பிடியைச் சுற்ற ஜக்கரியா. தைத்த பக்கத்துத் துணி வண்டிக்குப் பின்னால் இறங்கியது. அதை நூற்புப் பிரிவுக்காரர்கள் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்கள். தைக்க வேண்டிய எழுத்துகளை முறை தப்பாமல் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்றார் பாய். எடுத்துக் கொடுப்பதற்கு முன் குண்டூசி குத்த வேண்டும். குண்டூசியை எங்கே வைப்பது? தையற்காரர்கள் வைக்கிற இடத்தில்தான். வாயில்.

இப்படியாகப் புதுச்சேரியின் இடதுசாரிப் பொருளாதார அறிஞர்கள் மூன்று பேர், பல்லிடுக்கில் ஆளுக்குப் பத்து குண்டூசியோடு, தள்ளுவண்டியின் இரண்டு பக்கமும் நடந்தோம். கழகம் தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். வேலையும் அன்றைக்குத்தான் நடந்தது.

வரிசைப் பட்டியல் என் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் பதாகை வண்டியோடு தைக்கப்பட்டுக்கொண்டிருந்ததால் வண்டி முன்னே போகாமல் பதாகை போகாது. பதாகை போகாமல் முதல் வரிசை போகாது. ஆகவே எல்லோருக்கும் முன்னால் மஸ்தான் பாய். முத்தியால்பேட்டைத் தெருக்காரர்கள் மாடியிலிருந்து பார்த்தது "கையாலும்" என்பதை மட்டும். பெரிய கடைத் தெருவுக்கு வரும்போது "கையாலும் மூளையாலும்" ஆகியிருந்தது. மீன் விற்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மீதி என்ன வருகிறது என்று பார்க்கக் கூடவே நடந்து வந்தார்கள். மூன்றாம் வரிசை இப்படித்தான் எங்கள் முயற்சி இல்லாமலே நிறைந்தது.

கடைத் தெரு முனையில் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் கையை நீட்டி நிறுத்தினார். அனுமதித் தாளில் ஆட்களும் கொடிகளும் என்றுதான் இருக்கிறது, யந்திரம் என்று இல்லையே என்றார். முசியே லூர்துசாமிக்கு இதற்கு ஐந்து விரலுக்கும் பதில் இருந்தது. கட்டைவிரலையும் நீட்டிவிட்டார். ஆனால் வாயில் குண்டூசி. கண் பிதுங்கியதே தவிர சத்தம் வரவில்லை. போலீஸ்காரர் அவரை விட்டுவிட்டுப் பாயிடம் போனார்.

"மிஷின் யாருது?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த மனிதர் வந்து அரை நிமிஷம் ஆகவில்லை.

"வீட்டுக்காரம்மாவுது," என்றார் பாய்.

"அப்ப நீ?"

"நான் தைக்கிறவன்."

"சரி, போ. ஓரமாப் போ," என்று வழிவிட்டார்.

உப்பளம் திடலில் சங்கத் தலைவர் பேசத் தொடங்கிய பிறகுதான் ஒன்றுபடுக என்பதன் கடைசி எழுத்து ஏறியது. பாய் குனிந்து நூலைப் பல்லால் கடித்தார். கைதட்டல் எழுந்தது, தலைவர் தன் பேச்சுக்கு என்று நினைத்துக் கையை உயர்த்தினார். பாய் வண்டியிலிருந்து இறங்கி, மரத்துப்போன காலை உதறிக்கொண்டு, நூற்புக்காரர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய்த் தணிகாசலம் அண்ணன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். நான் குண்டூசிகளைத் துப்பிவிட்டு ஓடி, பாய், முதல் வரிசைக்கும் முன்னால் வந்துவிட்டீர்களே என்றேன்.

"எங்க தம்பி வந்தேன்? நடக்கணும்னு கேட்டேன். உக்கார வச்சு இழுத்துட்டு வந்துட்டீங்க."

திரும்பும்போது அவர் நடந்தே வந்தார். உப்பளத்திலிருந்து முத்தியால்பேட்டை வரைக்கும், நூற்புக்காரர்களுக்கு நடுவில், மூன்றாவது ஆளாக. வண்டியில் மிஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தவர் இராமலிங்கம். செருப்பு கடித்துவிட்டது. உடைமையாளர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

அதன்பிறகு கழகம் ஒன்றிரண்டு மாதம்தான் நடந்தது. முசியேவைக் காரைக்காலுக்கு மாற்றினார்கள். இராமலிங்கம் டில்லியில் புள்ளிவிவரம் எடுக்கிற வேலைக்குப் போனார், எதையாவது எண்ணிக்கொண்டிருப்பார். நான் கப்பலேறினேன். போன வாரம் பாயிடமிருந்து கடிதம் வந்தது. இந்த வருஷமும் நடக்கப்போகிறாராம், நூற்புக்காரர்களோடு. கீழே வேறு கையெழுத்தில் இரண்டு வரி: "என் கேள்வியை அடுத்த கூட்டத்துக்குன்னு எழுதி வச்சீங்க. அடுத்த கூட்டம் எப்ப? சபுரா."

8

இதை மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். இன்று வியாழன். டம்ளரில் பூ வாடிவிட்டது.

காலையில் சமூகக் காப்பு அலுவலகம் போனேன். படிவத்தில் ஒரு குறியும் இல்லை. அதற்குப் பதிலாக, இப்படி மனிதனை மூன்று கட்டமாகப் பிரிப்பதே தவறு என்று ஒரு உரையைத் தயாரித்து வைத்திருந்தேன். முதலாவதாக என்று ஆரம்பிக்கும்போது என் கட்டைவிரல் தானாக நீண்டதைக் கவனித்தேன். மதாம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"முசியே, நீங்கள் இஸ்திரி போடும் பெட்டி உங்களுடையதா?"

"இல்லை. பட்டறைக்காரருடையது."

இரண்டாம் கட்டத்தில் அவரே குறி போட்டார். முத்திரை குத்தினார். அடுத்தவர் என்று எனக்குப் பின்னால் பார்த்தார். எல்லாம் அரை நிமிஷம்.

எனக்குப் பின்னால் ஒரு பெரியவர் ஜன்னலுக்கு நெருங்கிவிட்டார். ஆனால் நான் நகரவில்லை. மதாம், ஒரே ஒரு சந்தேகம் என்றேன். ஒரு பெண். மிஷின் அவளுடையது. ஓட்டுவது கணவன். அவள் சமைக்கிறாள், அண்ணனுக்குச் சோறு போடுகிறாள், வாராவாரம் மூன்று பொருளாதார அறிஞர்களுக்கும் ஒரு தொழிலாளிக்கும் டீ போடுகிறாள், யாரும் கூலி தருவதில்லை. அவளுக்கு எந்தக் கட்டம்?

மதாம் பேனாவைக் கீழே வைத்தார். என்னை முதல் தடவையாக ஒரு மனிதனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு படிவத்தை எடுத்துத் திருப்பி, முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படித்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து வேறு இரண்டு படிவங்களை எடுத்துப் பார்த்து, உள்ளே வைத்தார். பக்கத்து ஜன்னலில் இருந்த பெண்ணிடம் மெதுவாக ஏதோ கேட்டார். அந்தப் பெண் தன் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு யோசித்தாள். வரிசையில் நின்றிருந்த ஒரு அம்மாள், அதற்கு என்ன பதில் என்று தானும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள்.

"அதற்கு ஏழாம் ஜன்னல்," என்றார் மதாம் கடைசியில். "செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்."

ஏழாம் ஜன்னலைப் போய்ப் பார்த்தேன். பலகை அடித்து மூடியிருந்தது. சபுரா அக்காவிடம் யாராவது சொல்லுங்கள்: கூட்டம் செவ்வாய்க்கிழமை. அவருடைய இரண்டு வரி இருக்கும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.